பில்லு சரியா இருந்துச்சு, தடுப்பணை சரியில்ல

வெளிநாட்டு நிதி வாங்குற ஒரு தொண்டு நிறுவனத்துல கணக்கு பாக்குற வேலை எனக்கு. சேர்ந்ததும் சொல்லிக் குடுத்த முதல் பாடம், எதை வாங்கினாலும் மூணு கொட்டேஷன் வாங்கணும்ங்கிறதுதான். எங்க ஏரியா பாலக்காடு ஜில்லாவோட கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம். கேரளான்னு பேரு, மழை மட்டும் கேரளா மழை இல்ல, ஜனங்க பேசுறதும் தமிழ்தான். அதனால தடுப்பணை கட்டுறது, குளம் தூர்வாருறது, இதுக்குத்தான் பணம் வரும்.

பார்டர்ல உக்காந்துட்டு மூணு கொட்டேஷன் வாங்குறது ரொம்ப ஈஸிங்க. வேலந்தாவளத்துல ஒண்ணு, பொள்ளாச்சில ஒண்ணு, பாலக்காடு டவுன்ல ஒண்ணு, கடைப் பேரு வேற, சீல் வேற, ஆனா எழுதினது ஒரே ஆளு. ஒரு தடவ மூணுலயும் அதே இடத்துல அதே கூட்டல் தப்பு இருந்துச்சு, எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. 2017ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ரெண்டு ஸ்டேட்டுக்கு ரெண்டு வரி வேற, எம்சாண்ட் விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்னு ஆடிட்டர் கேட்டா வரி, லாரி வாடகை, செக்போஸ்ட்டுன்னு ஏதாவது சொல்லிக்கலாம். டோனர், அதாவது பணம் குடுக்கிற அமைப்பு, அனுப்புற ஆடிட்டர் கோயம்புத்தூர்ல ரூம் போட்டு ஃபைலைப் பாப்பாரு, மூணு கொட்டேஷன் இருக்கா, இருக்கு, டிக். கொத்தனார் ஒருத்தர் எங்கிட்ட சொன்னாரு, "ஏனுங் சார், ஃபைல்ல அணை நல்லாத்தானுங்க நிக்குது, தண்ணிக்குத்தான் ஃபைலு படிக்கத் தெரியல."

இதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. இந்தோனேசியாவுல உலக வங்கிப் பணத்துல கிராமத்து ரோடு போட்டப்ப பெஞ்சமின் ஓல்கன்னு ஒரு பொருளாதார ஆய்வாளர் 600க்கும் மேல கிராமங்கள்ல ஒரு சோதனை பண்ணினார், 2007ல அது கட்டுரையா வந்துச்சு. பில்லைப் பாக்கல, இன்ஜினியருங்கள வச்சு போட்ட ரோட்டையே தோண்டி எவ்வளவு கல்லு மணலு உள்ள இருக்குன்னு அளந்து, லோக்கல் விலைக்குக் கணக்குப் போட்டு, எழுதின செலவோட ஒப்பிட்டாங்க. கட்டாயம் ஆடிட் வரும்னு முன்கூட்டியே சொன்ன கிராமங்கள்ல காணாமப் போற பணம் சுமார் 8 சதவீதப் புள்ளி குறைஞ்சுது. ஊர்க்கூட்டம் போட்டு ஜனங்களையே கண்காணிக்கச் சொன்ன இடத்துல கூலிப் பணத்துல கைவைக்கிறது குறைஞ்சுது, ஆனா சாமான் பணத்துல ஒண்ணும் குறையல. அதைவிட வேடிக்கை, ஆடிட் வந்த ஊர்ல சொந்தக்காரங்களுக்கு வேலை குடுக்கிறது கூடிருச்சு. ஒரு கதவ மூடினா அடுத்த கதவு.

படிச்சப்ப நம்ம ஊரைப் பத்தி எழுதினாப்புல இருந்துச்சு. கூலி விஷயத்துல ஜனங்கள ஏமாத்த முடியாது, மஸ்டர் ரோல்ல, அதாவது கூலியாளுங்க பட்டியல்ல, இருக்கிற பேரை கோயில் திண்ணைல உக்காந்து சத்தமா படிச்சாப் போதும், "அவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போயி ஒரு வருஷமாச்சே" ன்னு நாலு பேர் சொல்லிருவாங்க. ஆனா காங்கிரீட்ல எத்தனை மூட்டை சிமெண்ட் போட்டாங்கன்னு எந்தத் திண்ணைக்கும் தெரியாது, அதுக்கு காங்கிரீட்டைத் துளைச்சு ஒரு உருளைத் துண்டு, அதாவது கோர், எடுத்து லேபுக்கு அனுப்பணும். ஆக ஜனங்க பாக்க வேண்டியது ஒண்ணு, மிஷின் பாக்க வேண்டியது வேற ஒண்ணு. டோனருங்க ரெண்டையும் போட்டுக் குழப்பி, எல்லா இடத்துலயும் ஒரு புகார்ப் பெட்டியையும் ஒரு போர்டையும் வச்சிட்டுப் போறாங்க. எங்க சைட்ல வச்ச போர்டு இங்கிலீஷ்லயும் மலையாளத்துலயும் இருந்துச்சு, வேலைக்கு வர்றவங்க பாதிப் பேரு தமிழ் மட்டும்தான் படிப்பாங்க.

மோசடி பண்ணினவங்களுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு போடுற தடைப் பட்டியல் பெரிய கம்பெனிங்களுக்கு உறைக்கும். 2010ல உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி உட்பட 5 வங்கிங்க ஒப்பந்தம் போட்டாங்க, ஒருத்தர் ஒரு வருஷத்துக்கு மேல தடை பண்ணினா மத்தவங்களும் தடை பண்ணிருவாங்க. தாலுகா லெவல் காண்ட்ராக்டருக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, அடுத்த டெண்டருக்கு மச்சான் பேர்ல வந்துருவாரு.

எனக்கு நிஜமா கோவம் வர்றது வேற எடத்துல. திருட்டைக் கண்டுபிடிச்சு சொன்னா என்ன ஆகுது? 'ஜீரோ டாலரன்ஸ்' னு, அதாவது துளி மோசடியையும் பொறுக்க மாட்டோம்னு, டோனருக்கு ஒரு பாலிசி. பக்கத்து ஜில்லாவுல எனக்குத் தெரிஞ்ச ஒரு சின்ன அமைப்பு தன்னோட சூப்பர்வைசர் டீசல் பில்லுல கைவச்சதைத் தானே லெட்டர் எழுதி டோனருக்குச் சொல்லுச்சு. உடனே மொத்த நிதியும் நின்னுருச்சு, விசாரணை முடியிறவரைக்கும் ஸ்டாஃபுக்கு சம்பளம் இல்ல, பாதி தோண்டின குளம் அப்படியே கிடந்துச்சு. அதைப் பாத்த மத்த அமைப்புங்க என்ன கத்துக்கும்னு நீங்களே யோசிங்க. வருஷாந்திர படிவத்துல 'மோசடி சம்பவங்கள் எத்தனை' ன்னு ஒரு கட்டம் இருக்கு, எல்லாரும் 0 போடுறோம், டோனரும் அந்த 0வ தன் ரிப்போர்ட்டுல சந்தோஷமா போட்டுக்கிறாங்க. இது போக, பணத்தை வருஷத்துக்குள்ள செலவு பண்ணியே ஆகணும்னு நெருக்குதல் வேற. மார்ச்ல அவசரமா போடுற காங்கிரீட் எப்படி இருக்கும்?

சோதனை பண்ணலாம்னா அதுக்கும் காசு வேணும். 2020ல எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நிதி வாங்குறதுக்கான சட்டத்துக்குத் திருத்தம் வந்து நிர்வாகச் செலவு உச்சவரம்பு 50 சதவீதத்துல இருந்து 20 ஆச்சு. கணக்குப் பாக்குற ஆள் சம்பளம், வண்டி டீசல் எல்லாம் அந்த 20க்குள்ளதான் வரணும், அதனால முதல்ல வெட்டுறது சைட்டுக்குப் போய் அளக்கிற ஆளைத்தான்.

போன தடவ டோனர் மேடம் வந்தப்ப கேட்டேன், ஒவ்வொரு தடுப்பணைக்கும் கோர் டெஸ்ட் செலவை கட்டுமான பட்ஜெட்லயே சேத்துருங்க மேடம், எந்த அணைல எடுப்போம்னு கடைசி வரைக்கும் எங்களுக்குக் கூட சொல்லாதீங்கன்னு. நல்ல யோசனைன்னு நோட்டுல எழுதிக்கிட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு மெயில் வந்துச்சு, இந்த வருஷ பட்ஜெட் ஃபார்மட்ல அதுக்கு லைன் இல்லையாம், கொட்டேஷனை மூணுக்குப் பதிலா அஞ்சா வாங்கிக்கச் சொல்லியிருக்காங்க.