ஃப்ளெக்ஸுக்கு அடியில் நெல்: ஒரு எபிசோடு எழுதிப் பார்த்த அனுபவம்

கும்பகோணத்தில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை எனக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சீரியல். இளம்பெண்கள் வளர்ந்து ஆளாவதைச் சிரிக்கவும் அழவும் வைத்துச் சொல்கிற வெளிநாட்டுத் தொடர்கள்தான் என் தீனி. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கை அரிக்கத்தான் செய்யும். அதே வகையில் அரை மணி நேர எபிசோடு ஒன்றை, வலங்கைமான் பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தியை வைத்து எழுதிப் பார்ப்பது என்று ஆடி மாதம் ஆரம்பித்தேன். படமாக எடுக்க ஆளும் இல்லை, காசும் இல்லை. எழுத்தில் நிற்கிறதா என்று பார்க்க ஆசை, அவ்வளவுதான். இதுவரை வந்து சேர்ந்த இடத்தை எழுதிவைக்கிறேன்.

ஆடி

முதலில் எழுதவில்லை, பிரித்துப் பார்த்தேன். லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு, காட்சி எங்கே நடக்கிறது, யார் யார் இருக்கிறார்கள், சிரிப்பு எங்கே வருகிறது என்று கட்டம் கட்டமாக நிரப்பிக்கொண்டு போனேன். பாதியில் இன்னொரு கட்டம் சேர்க்க வேண்டி வந்தது: அந்தப் பெண்ணின் மனசுக்குள் ஓடுவதை நமக்கு யார் சொல்கிறார்கள்? இந்த வகைத் தொடர் தேறுவதும் தேறாததும் அந்தக் கட்டத்தில்தான் என்பது என் கட்சி.

1994-ல் வந்த 'மை சோ-கால்டு லைஃப்' தொடரில் பதினைந்து வயது ஏஞ்சலா தானே பேசுகிறாள். கிளேர் டேன்ஸ் நடித்தது. 19 எபிசோடோடு கடையைக் கட்டிவிட்டார்கள். இன்றைக்குக் கேட்டாலும் அந்தக் குரல் பழசாகத் தெரியவில்லை. 2018-ல் பிரிட்டனின் சேனல் 4-ல் வந்த 'டெர்ரி கேர்ள்ஸ்' அதே உத்தியை எடுத்துக் கவிழ்க்கிறது. நாயகி எரின் தன் ஊரான வட அயர்லாந்தின் டெர்ரியைப் பற்றி உருக்கமாகப் பேசுவது போலத் தொடங்கும். பார்த்தால் பேசுவது அவள் இல்லை, அவள் டைரியைத் திருடி எடுத்து சித்தி மகள் ஓர்லா சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். முதல் நிமிடத்திலேயே இந்த வீட்டில் யாருக்கும் ரகசியம் கிடையாது என்று தெரிந்துவிடுகிறது. எழுதிய லிசா மெக்கீ அதே ஊர்க்காரர் என்பது அந்த ஒரு காட்சியிலேயே தெரியும்.

'ஃப்ளீபேக்' (2016, 2019) நாயகி கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசுவாள். இரண்டாவது சீசனில் அவள் நம் பக்கம் திரும்புவதைப் பாதிரியார் மட்டும் கவனித்துவிடுவார், இப்போ எங்கே போய்விட்டு வந்தாய் என்று கேட்பார். அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. 'கில்மோர் கேர்ள்ஸ்' (2000) தொடரில் மனசுக்குள் ஒன்றுமே ஓடாது. அம்மாவும் மகளும் ஓடுவதையெல்லாம் வாயாலேயே கொட்டிவிடுவார்கள். பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது திரைக்கதைக் கணக்கு. அவர்கள் பேசுகிற வேகத்துக்கு அந்தக் கணக்கு தாங்காது, பக்கங்கள் எகிறிக்கொண்டே போகும்.

கடைசியாக 'நெவர் ஹேவ் ஐ எவர்' (2020 முதல் 2023 வரை, 40 எபிசோடு). தேவி விஸ்வகுமார் என்கிற அமெரிக்கத் தமிழ்ப் பெண்ணின் கதையைச் சொல்கிற குரல், டென்னிஸ் ஆட்டக்காரர் ஜான் மெக்கன்ரோவுடையது. நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாத் தமிழ்ப் பெண். பொது அழைப்புக்கு வந்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வானவர். மெக்கன்ரோ எதற்கு என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் பார்ப்போம். தேவியின் இறந்துபோன அப்பாவுக்குப் பிடித்த ஆட்டக்காரர் அவர், ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கோபம் என்று பின்னால் புரியும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுகொள்கிறது. கதை தேவியின் வகுப்புப் பையன் பென்னின் பார்வைக்குப் போகிற எபிசோடில் குரலும் நடிகர் ஆண்டி சாம்பெர்க்குடையதாக மாறிவிடும். அந்தக் குரல் ஒட்டவைத்த வேடிக்கை இல்லை, கதையோடு பிறந்தது.

ஆவணி, புரட்டாசி

என் பெண்ணுக்கு இலக்கியா என்று பெயர் வைத்தேன். கும்பகோணத்தில் கல்லூரி முதல் வருஷம். அப்பா குவைத்தில் டிரைவர். வீட்டில் அம்மா, தாத்தா, பாட்டி, கல்யாணமாகி அடுத்த தெருவுக்கே போன ரெண்டு அத்தைகள்.

முதலில் அவளே பேசுவதாக எழுதினேன். படித்துப் பார்த்தால் பேச்சுப்போட்டி மாதிரி இருந்தது. அப்புறம்தான் காரணம் புரிந்தது. ஏஞ்சலாவுக்குத் தனி அறை உண்டு, கதவு உண்டு. நம் பக்கத்து வீட்டில் ஒரு பெண் ஒரு நிமிடம் முழுசாக எதையாவது யோசித்துவிட முடியுமா? “ஏ இலக்கியா, மோட்டார நிறுத்துனியா?” என்று ஒரு குரல் வந்துவிடாதா? கேமராவைப் பார்த்துப் பேசுவதும் அங்கேயே அடிபட்டுப்போனது. கதவுள்ள ஒரே அறையில் பீரோவும் நெல் மூட்டையும் தாத்தாவின் கட்டிலும் இருக்கின்றன, கட்டிலில் தாத்தா.

அவள் தனியாக இருக்கிற ஒரே இடம் கூட்டத்துக்கு நடுவில்தான் கிடைத்தது. டவுன் பஸ்! 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசு கிடையாது. காலை வண்டியில் அத்தனை பெண்களும் ஏறி நெருக்கிக்கொண்டு நிற்கும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் வலங்கைமானிலிருந்து கும்பகோணம் வரை அவள் ராஜ்ஜியம். அந்தக் காட்சியை வைத்துக்கொண்டேன். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கினதும் குரல் போய்விடுகிறதே.

அப்புறம்தான் கபடி வந்தது. எங்கள் பக்கம் ராத்திரி விளக்குப் போட்டு நடத்துகிற கபடிப் போட்டியில் மைக் பிடிக்கிற அண்ணன்கள் தனி இனம். ஆட்டத்தை விட அவர்கள் பேச்சுக்காகவே பாதிக் கூட்டம் உட்கார்ந்திருக்கும். அந்தக் குரலை இலக்கியாவின் மண்டைக்குள் வைத்தேன். அத்தைகள் வந்திருக்கிற ஞாயிற்றுக்கிழமைக் காட்சி இப்படி வந்தது:

“ரைடு ஏறிட்டாங்க நம்ம இலக்கியா! எடது பக்கம் பெரியத்தை, வலது பக்கம் சின்னத்தை, நடுவுல பாட்டி, மூணு பேரும் கை கோத்து சங்கிலி போட்டு நிக்கிறாங்க! கேள்வி வருது, மார்க்கு எவ்ளோ! தொட்டுட்டுத் திரும்பணும், தொட்டுட்டுத் திரும்பணும்... அடடடா, பாட்டி காலப் புடிச்சுட்டாங்க!”

கபடியே எனக்கு ஒரு விதியும் கொடுத்தது. ஒரு ரைடுக்கு 30 விநாடிதான். அதனால் மைக் குரல் எங்கே வந்தாலும் 30 விநாடிக்கு மேல் பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். எழுதியதில் பாதி அந்தக் கத்திரியிலேயே போனது, போனது நல்லதுதான்.

ஐப்பசி

அக்கா மகளும் அவள் தோழிகளும் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தார்கள். நான் செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டு ஓரமாக இருந்தேன். அத்தைகள் காட்சியில் நன்றாகச் சிரித்தார்கள். முடிந்ததும் அக்கா மகள் கேட்டாள்.

“சித்தி, மைக் புடிச்சிருக்கிறது யாரு?”

“சும்மா ஒரு ஆள்டி.”

“சும்மா ஒரு ஆளுக்கு இவ மனசுல இருக்கிறது எப்படித் தெரியும்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடி ஐப்பசி முழுக்கப் போனது. வெளியே அடைமழை, கடையில் தீபாவளிக் கணக்கு, மண்டைக்குள் இந்த மைக் ஆள். பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. குவைத்துக்குப் போகும் முன்னால் ஊரில் மைக் பிடித்தவர் இலக்கியாவின் அப்பாவேதான். சின்னப் பிள்ளையில் அவள் அவர் மடியில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவள். மைக்கில் ராத்திரி முழுக்க மூச்சுவிடாமல் பேசின அந்த மனுஷன், இப்போது வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப் காலில் இவ்வளவுதான் பேசுகிறார்:

“சாப்ட்டியா?”

“ம்.”

“படிக்கிறியா?”

“ம்.”

“அம்மாட்ட குடு.”

ரெண்டுக்கும் ஒரே நடிகர், ஒரே குரல். அவள் மண்டைக்குள் இருப்பது அவள் வைத்துக்கொண்ட அப்பா, போனில் வருவது நிஜ அப்பா. பார்க்கிறவருக்கு இது முதல் கால் வரும் வரை தெரியாது. இதை முடிவு செய்த பிறகு அத்தைகள் காட்சியில் ஒரு வார்த்தை கூட மாற்றவில்லை, ஆனால் அது வேறு காட்சியாகிவிட்டது. மகளைச் சுற்றிக் கை கோத்து நிற்பவர்கள் அவருடைய அம்மாவும் அக்கா தங்கையும் அல்லவா!

கார்த்திகை

எபிசோடின் பெரிய காட்சி இன்னும் இல்லாமல் இருந்தது. வெளிநாட்டுத் தொடர்களில் ஒரு பெண் வயசுக்கு வருவது குளியலறைக் கதவுக்குப் பின்னால் முடிந்துவிடுகிற சமாச்சாரம். நாம் அதற்கு ஃப்ளெக்ஸ் அடித்து ரோட்டு முக்கில் கட்டுகிறவர்கள். இலக்கியாவின் சடங்கு ஃப்ளெக்ஸை நோட்டில் ஒரு பக்கத்துக்கு வர்ணித்து எழுதினேன். நடுவில் பட்டுப்பாவாடையும் மயிலும். இந்தப் பக்கம் அவளை விடப் பெரிய அளவில் தாய்மாமன். அந்தப் பக்கம் லீவு கிடைக்காத அப்பா. கோட்டு சூட்டில் நிற்கிறார், முகம் மட்டும் அவருடையது, கோட்டும் உடம்பும் கடைக்காரரின் கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. கீழே வட்ட வட்டமாக “அன்புடன் வரவேற்கும்” சித்தப்பா, பெரியப்பா, பங்காளிகள். எல்லார் பெயரும் இருக்கிறது, யாருமே அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ஃப்ளெக்ஸை நம் ஊரில் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். விழா முடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்கு, விறகுக்கு, கடைசியில் நெல்லுக்கு. காட்சி கிடைத்துவிட்டது.

குறுவை அறுப்பு முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் குவித்துக் காத்திருக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஒரு மழை விழுந்தால் காயவைத்ததெல்லாம் வீண். ராத்திரிக் காவலுக்குத் தாத்தாவும், சாப்பாட்டுத் தூக்கோடு வந்த இலக்கியாவும். மானம் இருட்டிக்கொண்டு வருகிறது. தாத்தா மடிப்பைப் பிரித்தால் உள்ளே இருப்பது அவள் சடங்கு ஃப்ளெக்ஸ். அடுத்த குவியலுக்குக் காவல் இருப்பவன் அவள் வகுப்புப் பையன். அவன் குவியல் மேல் ஒரு கட்சிக்காரரின் பிறந்தநாள் வாழ்த்து.

அவள் படம் அடியில் போகும்படி திருப்பிப் போடப் பார்க்கிறாள். “பளபளப்பு மேல இருந்தாத்தாண்டி தண்ணி ஓடும்” என்று தாத்தா மறுபடியும் திருப்புகிறார். ஆளுக்கு ஒரு மூலை, ரெண்டு பேரும் இழுக்க, மைக் குரல் உச்சத்தில். பையன் வந்து நாலு மூலைக்கும் செங்கல் வைத்துக்கொடுத்துவிட்டு, வேறு எதுவும் சொல்லாமல் “ஒங்கப்பாவுக்குக் கோட்டு நல்லா இருக்கு” என்கிறான். மழை பிடிக்கிறது. போன் அடிக்கிறது.

“சாப்ட்டியா?”

“அப்பா, இங்க ஒங்க மேல மழை பேயுது.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், “நெல்லு நனையாமப் பாத்துக்க. அம்மாட்ட குடு.”

இங்கே எனக்கும் அக்கா மகளுக்கும் சண்டை. அப்பா அந்த நேரத்தில் மைக் குரலில் நாலு வார்த்தை பேசினால்தான் அழுகை வரும் என்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'டெர்ரி கேர்ள்ஸ்' முதல் சீசன் முடிவில் பெண்கள் மேடையில் கிறுக்குத்தனமாக ஆடுவார்கள், வீட்டில் பெரியவர்கள் டிவியில் குண்டுவெடிப்புச் செய்தியைப் பார்த்து உறைந்து நிற்பார்கள். ரெண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்களே தவிர ஒருத்தரும் ஒரு வார்த்தை விளக்க மாட்டார்கள். அப்பா பேசிவிட்டால் இலக்கியாவின் மண்டைக்குள் இருக்கிறவருக்கு வேலை போய்விடும். அவர் மைக் குரலில் பேசுவதற்கு ஒரு நாள் வரும், அது சீசனின் கடைசி எபிசோடு என்று பேரம் பேசி முடித்திருக்கிறேன்.

நீளம் இன்னும் இடிக்கிறது. தமிழில் நான் எழுதுகிற ஒரு பக்கம் ஒரு நிமிடத்துக்குள் அடங்குவதில்லை. பக்கத்தை எண்ணாமல் வாய்விட்டுப் படித்துத்தான் அளக்கிறேன். இப்போதைக்கு 34 நிமிடம். பாட்டியின் மாத்திரைக் கதை ஒன்று பக்கவாட்டில் ஓடுகிறது, அதை எடுத்தால் 30-க்குள் வரும். அது போக, பையனுக்குப் பெயர் வைக்கவில்லை. அக்கா மகள் தருகிற பெயர்களையெல்லாம் நான் சந்தேகத்தோடு பார்ப்பதால் தள்ளிப்போகிறது.

ரெண்டாவது எபிசோடு முழுக்க பஸ்ஸுக்குள். கிளம்பும் நேரத்தில் ஆரம்பித்து கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் முடியும். பைசா இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே பொம்பளைகளைத் திட்டுகிற ஒரு கண்டக்டரும், அவருக்கு நெல் வாசனையோடு பதில் சொல்கிற பெரியத்தையும் எழுதியாகிவிட்டது. சின்னத்தை இன்னும் பஸ் ஏறவில்லை.