இரண்டு நோட்டுகள்

பிப்ரவரி 3
மானிடவியல் ஆய்வாளர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்கள் களப்பணி அனுபவங்களை எழுதி, வாரம் ஒன்றாகப் போடுவதென்று பேசி மூன்று மாதம் ஆகிறது. கைக்கு வந்தவை நான்குதான். நான்கிலும் இரண்டாம் பத்திக்குள் ஊரே ஆய்வாளரை வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டுவிடுகிறது! என்னை முதல் இரண்டு மாதம் வரி வசூலிக்க வந்த ஆள் என்றுதான் நினைத்தார்கள். அந்த மாதிரி விஷயத்தை எழுதச் சொன்னால் எல்லோரும் பதுங்குகிறோம்.

பிப்ரவரி 6
மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியை வைத்து வாக்குவாதம். 1915க்கும் 1918க்கும் இடையில் இரண்டு முறை நியூ கினி அருகே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, மக்களோடு வாழ்ந்து உற்றுநோக்கும் முறையை நிலைநிறுத்தியவர். அதே ஆள் தனக்கென்று போலிஷ் மொழியில் ஒரு நாட்குறிப்பும் எழுதினார். எரிச்சல், தனிமை, உடம்பைப் பற்றிய ஓயாத கவலை, அந்த மக்கள்மேல் வசை, நாவல் படித்தே பொழுதைத் தொலைத்த குற்றவுணர்ச்சி. அவர் இறந்தது 1942இல். 1967இல் அது அச்சானதும் துறைக்குள் பெரிய சலசலப்பு. ‘அவர் மரியாதையே போச்சு’ என்றார் நண்பர். வசை வசைதான், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் களத்துக்குப் போன யாரிடம்தான் இரண்டாவது நோட்டு இல்லை?

பிப்ரவரி 9
ஆறாவது கட்டுரைக்கு மறுபடி நினைவூட்டினேன். பதில் இல்லை.

பிப்ரவரி 14
எங்களில் இளையவள் அனுப்பியது வந்தது. இதுவரை வந்ததில் இதுதான் உயிருள்ளது. ஒரு மருத்துவச்சி, அவர் குடும்பத்தின் பழைய ரகசியம் ஒன்று. ஆள் பெயர், ஊர்ப் பெயர் இரண்டையும் மாற்றியிருக்கிறாள். அந்த ஊருக்கே ஒரு மருத்துவச்சிதானே! நமக்குத்தான் அவர் யாரென்று தெரியாது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்துவிடும்.

‘அவங்க இதைப் படிக்கவா போறாங்க?’ என்றாள்.
‘பேத்தி படிப்பாளே.’

பேட்டிக்குச் சம்மதம் வாங்கியிருக்கிறாள், சரி. ஆனால் இதை அவர் சொன்னது ரெக்கார்டரை அணைத்தபிறகு, வாசல்வரை வழியனுப்ப வந்தபோது. நல்ல விஷயமெல்லாம் அப்போதுதான் வந்து விழும், அது எங்கள் தொழிலின் சாபம். அந்தச் சம்மதம் வாசல்வரை நீளுமா என்று கேட்டேன். போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 16
அவளே கூப்பிட்டாள். மருத்துவச்சியை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லையாம். சமூக மானிடவியலாளர் எம்.என்.சீனிவாஸைப் பற்றிச் சொன்னேன். 1948இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமமான ராம்புராவில் களப்பணி செய்தவர். பல ஆண்டு உழைத்து வகைப்படுத்திய குறிப்புகள் 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் யாரோ வைத்த தீயில் போயின. மனதில் நின்றதைக் கொண்டே அந்த ஊரைப் பற்றி எழுதினார், 1976இல் நூலாக வந்தது. ‘நோட்டை மூடிவிட்டு ஒருமுறை எழுதிப் பார்’ என்றேன். எரிச்சலோடுதான் சரி என்றாள்.

பிப்ரவரி 21
புதிய வடிவம் வந்தது. ரகசியம் இல்லை. வாசலில் நின்றபடி, பைக்குள் கைவிட்டு ரெக்கார்டரை மறுபடி ஓடவிடலாமா என்று விரலால் தடவிக்கொண்டிருந்த ஒருத்தி இருக்கிறாள். கடைசியில் ஒரு குறிப்பு: ‘இதையும் அவங்ககிட்ட படிச்சுக் காட்டிட்டு வர்றேன். அதுவரை போடாதீங்க.’

ஆக, இந்த வாரம் இடம் காலி. வரி வசூல் கதையை நானே எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன். இரண்டாம் பத்தியில் ஒரு கிழவி என் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டாள். அப்படி யாரும் அழைக்கவேயில்லை. எழுதியதை அடித்தேன்.