லெந்து நாட்களில் ஒரு கடன்

மார்ச் 5, 2025, புதன்

சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான லெந்து இன்று தொடங்குகிறது. ஈஸ்டர் வரைக்கும் கறி மீன் இல்லை. அம்மா உயிரோடு இருந்தவரை லெந்து நாட்களை இப்படித்தான் காத்தார்கள், நானும் காக்கிறேன்.

மாலை ஆராதனையில் அந்த அக்கா எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். கர்த்தருடைய ஜெபத்தை வாய் சொல்லிற்று. மனமோ 40,000 ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தது. 2022 ஜூனில் தன் மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கென்று அக்கா என்னிடம் வாங்கிய பணம் அது. நான் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. மூன்று மாதத்தில் தருகிறேன் என்றார்கள். இப்போது என் தையல் கடை இருக்கும் தெருவையே தவிர்த்துச் சுற்றிப் போகிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

இன்று எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். சபை ஊழியர் கர்த்தருடைய ஜெபம் வருகிற மத்தேயு 6ஆம் அதிகாரத்தை வாசித்தார். “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” சிறுவயதிலிருந்து ஆலயத்தில் அந்த ஜெபத்தைக் கடன்கள் என்றல்ல, குற்றங்கள் என்று சொல்லியே பழகியவள் நான். குற்றம் என்றால் கோபம், பொறாமை, கடுஞ்சொல் என்று எதையாவது நினைத்துக்கொண்டு கடந்துவிடலாம். வேதத்தில் இருப்பதோ கடன். மூல கிரேக்கச் சொல்லுக்கும் கடன் என்பதே பொருள் என்றார் அவர். டீ கொடுக்கும்போது என் கை நடுங்கிற்று.

மார்ச் 23, ஞாயிறு

மத்தேயு 18ஐ நானே எடுத்து வாசித்தேன். ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டு, அது முழுவதும் மன்னிக்கப்பட்டவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனின் தொண்டையை நெரித்த கதை. அந்த நூறு பணம் ஏதோ சில்லறை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆனால் திராட்சத்தோட்டத்து உவமையில் வேலையாட்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் கூலி. அப்படியானால் இது நூறு நாள் கூலி. தையலில் எனக்கு நாளுக்கு 400 ரூபாய் நிற்கும். நூறு நாளுக்கு 40,000.

நோட்டை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் இழப்பை ஆண்டவர் அற்பம் என்று சொல்லவில்லை. நூறு நாள் இடுப்பொடிய மெஷின் மிதித்த உழைப்பு அது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள். ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் அடைக்க இரண்டு லட்சம் ஆண்டுகள் வேண்டும். “எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்” என்று அவன் ராஜாவிடம் சொன்னானே, பாவம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து. நான் போகவில்லை. அயலாரோடு அன்பாயிருக்கிறவர்கள் வரலாம் என்ற அழைப்பைக் கேட்டபின் எழுந்து நடக்கக் கால் வரவில்லை. அக்காவும் போகவில்லை என்பதைக் கவனித்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். எனக்கு முதல் வார்த்தையைத் தாண்ட முடியவில்லை. “பிதாவே, இவர்களுக்கு மன்னியும், தாங்கள் செய்கிறது இன்னதென்று அறியாதிருக்கிறார்களே.” அந்த அக்கா அறிந்துதானே செய்தார்கள் என்று உள்ளுக்குள் வழக்காடினேன்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் தையல் நெருக்கடியில், ஜாக்கெட் வாங்க வந்த மூன்று பெண்களிடம் இந்தக் கடனைப் பெயரோடு சொன்னேன். மறுவாரமே ஊர் முழுக்கப் பேச்சு. நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்கிறார் ஆண்டவர். யாருக்கு யார்மேல் குறை? இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நான் தலைகீழாக வாசித்திருக்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

ஈஸ்டர் துணிகளை முடித்துக் கொடுத்துவிட்டு இரவு எட்டு மணிக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பணம் கேட்க வரவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு அந்த மூன்று பெண்களிடம் பேசியதைச் சொன்னேன். “தெரியும் தங்கச்சி” என்றார்கள். மன்னிப்புக் கேட்டேன். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த கணக்கை அவர்கள் கண்முன்னே அடித்தேன்.

அவர்களுக்கு மகிழ்ச்சி இல்லை. “சும்மா விட்டுவிட்டாய் என்றால் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நான் கொடுப்பேன்” என்று அழுதார்கள். கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், கேட்க மாட்டேன் என்றேன். சரியாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பணத்தில் என்னென்ன செய்திருக்கலாம் என்று மனம் மறுபடியும் கணக்குப் போட்டது. வாசல் வருமுன்னே இன்னொரு முறை மன்னிக்க வேண்டியிருந்தது. ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று ஆண்டவர் சொன்னது இதற்கும் சேர்த்துத்தானோ?

ஏப்ரல் 22, செவ்வாய்

கடை திறந்து சற்று நேரத்தில் அக்கா வந்தார்கள். மே மாதத்தில் உறவில் ஒரு கல்யாணமாம். கையில் ஒரு ஜாக்கெட் துணி. அளவு ஜாக்கெட் கேட்டேன். “பழையது எல்லாம் தொளதொளவென்று இருக்கிறது. உடம்பிலேயே எடு” என்றார்கள்.

நோட்டில் 2022இல் எடுத்த அளவு இருந்தது, மார்பு 38. டேப்பைச் சுற்றிப் பிடித்தேன். 34. தவறாகப் பிடித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் அளந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. புதுப் பக்கம் திருப்பி, அவர்கள் பெயரை மேலே எழுதி, கீழே 34 என்று எழுதினேன்.