பைப்லைனை நோட்டில் கட்டம் போட்டுப் படியுங்கள்

கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் முதல் இன்டர்னலில் எனக்கு 50க்கு 14. பைப்லைன் (ஒரு கட்டளை முடியும் முன்பே ப்ராசஸர் அடுத்ததைத் தொடங்கும் முறை) படத்தை அச்சு அசலாக வரைந்திருந்தேன். ஆனால் "இந்த இரண்டு கட்டளைகளும் முடிய எத்தனை கிளாக் சைக்கிள்?" என்ற கேள்வியில் கை நின்றுவிட்டது (கிளாக் சைக்கிள் என்பது ப்ராசஸரின் ஒரு துடிப்பு). சீனியர்களின் ஜெராக்ஸ் நோட்ஸில் படம் இருந்தது, கணக்கு இல்லை.

அப்புறம் சனி, ஞாயிறுகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து, யூனிட் வரிசையை விட்டுவிட்டுப் படித்தேன். முதலில் அசெம்பிளி, அதாவது ப்ராசஸரின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி. அதற்கு ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பு போதும். 2010இல் பெர்க்லியில் தொடங்கியது. அடிப்படை 32 பிட் தொகுப்பில் 40 கட்டளைகள்தான். நூலகத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே இருக்கும் ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி ப்ராசஸர்களும் இதே கட்டளைகளில் இயங்குபவை என்று தெரிந்ததும் பாடத்தின் மீது தனிப் பிரியமே வந்துவிட்டது.

அடுத்து கட்டம் போட்ட நோட்டு. மேலே சைக்கிள் எண்கள், இடப்பக்கம் கட்டளைகள். முதல் கட்டளை மெமரியிலிருந்து ஒரு எண்ணை ப்ராசஸருக்குள் இருக்கும் ரெஜிஸ்டருக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது அதே எண்ணைக் கூட்டுகிறது. ஐந்து நிலை பைப்லைனில் (கட்டளையை எடுப்பது, பிரித்தறிவது, கணக்கிடுவது, மெமரியைத் தொடுவது, ரெஜிஸ்டரில் எழுதுவது; நிலைக்கு ஒரு சைக்கிள்) அந்த எண் 4ஆம் சைக்கிளின் முடிவில்தான் கிடைக்கும். கூட்டலுக்கோ 4ஆம் சைக்கிள் தொடங்கும்போதே வேண்டும். ஃபார்வர்டிங் (விடையை ரெஜிஸ்டரில் எழுதும் முன்பே அடுத்த கட்டளைக்கு நேரே கொடுப்பது) இருந்தாலும் இன்னும் வராத எண்ணை எப்படிக் கொடுப்பது? ஒரு ஸ்டால், அதாவது ஒரு சைக்கிள் காத்திருப்பு, விழும், மொத்தம் 7 சைக்கிள். இப்போது இரண்டுக்கும் நடுவே சம்பந்தமில்லாத ஒரு கட்டளையைச் செருகிப் பாருங்கள். மூன்று கட்டளைகள், அதே 7 சைக்கிள்! நாம் எழுதும் புரோகிராமை ப்ராசஸர் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஏன் கட்டளைகளை இடம் மாற்றுகிறது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

பூத் பெருக்கலுக்கு (இருமை எண்களைப் பெருக்கும் ஒரு முறை) நான்கைந்து கணக்கு போட்டால் போதும். ஐ/ஓ (உள்ளீடு, வெளியீடு) யூனிட்டைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

மிச்ச நேரத்தையெல்லாம் கேஷுக்கு, அதாவது ப்ராசஸருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன, வேகமான மெமரிக்குக் கொடுங்கள். 1000க்கு 1000 முழு எண் அணி ஒன்றை சி மொழியில் எழுதி, கம்பைலரின் ஆப்டிமைசேஷனை (புரோகிராமை வேகப்படுத்தத் தானே செய்யும் மாற்றங்களை) அணைத்துவிட்டு, வரிசை வாரியாக ஒருமுறை, நெடுக்காக ஒருமுறை கூட்டி, ஆகும் நேரத்தை ஒப்பிடுங்கள். மெமரியிலிருந்து கேஷுக்கு ஒரே தடவையில் வரும் 64 பைட் கேஷ் லைனில் 4 பைட் எண்கள் 16 அடங்கும். வரிசையாகப் போனால் 16 எண்ணுக்கு ஒருமுறைதான் மிஸ், அதாவது கேஷில் இல்லாமல் மெமரிவரை போக வேண்டிய நிலை. நெடுக்காகப் போனால் ஒவ்வொரு எண்ணுக்கும் புது லைன். 1000 லைன்கள் 32 கேபி எல்1 (முதல் நிலை) கேஷில் கொள்ளாது, அடுத்த நெடுக்குக்கு வரும்போது பழைய லைன்கள் வெளியே போயிருக்கும். பாடத்திட்டம் வகுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே வேண்டுகோள்: இந்தப் புரோகிராமை முதல் வாரமே லேபில் ஓடவிடுங்கள், நான்காவது யூனிட் வரை காத்திருக்க வேண்டாம்.