பிரேக்கில் போனது கொஞ்சம் திரும்பி வரும், டயரில் போனது வராது

பள்ளிக்கூடத்தில் யாராவது என் காரைப் பற்றி விசாரித்தால் முதல் கேள்வி பேட்டரியைப் பற்றித்தான். எத்தனை வருஷம் உழைக்கும், மாற்றினால் எவ்வளவு ஆகும், மழைத் தண்ணீரில் ஓட்டினால் ஷாக் அடிக்குமா என்று வரிசையாகக் கேட்பார்கள். டயரைப் பற்றி ஒருத்தரும் கேட்டதில்லை. பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வைத்திருக்கிறவர்கள் மைலேஜுக்காக முதலில் பார்க்க வேண்டியது தங்கள் வலது காலையும் நான்கு டயர்களையும்தான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இயற்பியல் டீச்சர் என்பதால் கொஞ்சம் கணக்கோடு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட். திருவட்டாரில் வீடு, நாகர்கோவிலில் வேலை. வேர்க்கிளம்பி, அழகியமண்டபம், தக்கலை, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று போகும் வழி. இந்த ரோட்டை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர் தொடங்கிவிடும். ஏற்றம், இறக்கம், வளைவு, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குறுக்கே திரும்பும் ஆட்டோ. சாதாரண பெட்ரோல் காருக்கு இது மோசமான ரோடு. ஹைபிரிட்டுக்கு இதைவிட நல்ல ரோடு கிடையாது. கம்பெனி சொல்லும் மைலேஜ், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர், ஆய்வுக்கூடத்துக் கணக்கு. எனக்கு மீட்டரில் 24, 25 காட்டுகிறது, அதில் எனக்கு முழுத் திருப்தி.

காரணம் எளிது. எஞ்சினில் வெப்பமாகப் போவதைத் தள்ளிவைத்துவிட்டால், சக்கரத்துக்கு வந்து சேரும் சக்தி மூன்று வழியில் தீர்கிறது. ஒன்று பிரேக், இன்னொன்று காற்றைக் கிழித்துப் போவது, மூன்றாவது டயர். இதில் பிரேக்கில் போவதை மட்டும்தான் ஹைபிரிட் மீட்கிறது. பிரேக்கை மிதித்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தைக் கரன்டாக்கி பேட்டரியில் போடுகிறது. முழுசாக அல்ல, மாறும் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கழியும். ஆனாலும் நல்ல பங்கு திரும்பி வருகிறது. காற்றுக்கும் டயருக்கும் கொடுத்ததை எந்த மோட்டாரும் மீட்க முடியாது. அதனால் பிரேக் செலவு குறையக் குறைய, மிச்சம் இருக்கும் செலவில் டயரின் பங்கு பெரிதாகிவிடுகிறது. மற்ற காரில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் டயர் வித்தியாசம் ஹைபிரிட்டில் பளிச்சென்று தெரிவது இதனால்தான்.

டயர் எப்படிச் சக்தியைத் தின்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. நாகர்கோவில் வரை ஓட்டி வந்து நிறுத்தியதும் டயரின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெயில் படாத பக்கமும் சுடும். ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் ரப்பர் நசுங்கி, மேலே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்கக் கொடுத்த சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. கையில் படும் அந்தச் சூடு நாம் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல்.

எங்கள் வீட்டில் கொஞ்சம் ரப்பர் தோட்டம் உண்டு. விடியும் முன் பால்வெட்டு, சிரட்டையில் சொட்டும் பால், ஆசிட் ஊற்றி உறைய வைத்து ரோலரில் இழுத்து ஷீட் ஆக்குவது எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். மரத்திலிருந்து வரும் இந்த இயற்கை ரப்பர், நசுக்கிய சக்தியை நன்றாகத் திருப்பித் தரும், சூடாவதும் குறைவு. பாரம் சுமந்து நெடுந்தூரம் ஓடும் லாரி டயர்களில் இயற்கை ரப்பர் அதிகமாகச் சேர்ப்பதற்கு இது ஒரு காரணம். கார் டயரில் செயற்கை ரப்பரின் பங்கு கூடுதல். அதோடு சிலிக்கா கலந்து, ஈரத்தில் பிடிப்பும் வேண்டும், வெப்பமாகிப் போவதும் குறைய வேண்டும் என்று சமன் செய்கிறார்கள். குலசேகரம் பக்கத்து ஷீட் எங்கெங்கோ போய் டயராகி நம் வண்டிக்கே திரும்பி வருகிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம்.

மார்த்தாண்டத்தில் இருக்கும் அண்ணனுக்கும் இதே மாடல்தான். ஒருநாள் போன் வந்தது. "ஏ பிள்ளே, வண்டிக்க பேட்டரி போச்சுன்னு நினைக்கேன். இருபத்துநாலு கிடைச்சது, இப்போ இருபத்தொண்ணு தாண்ட மாட்டேங்குது." டயர் மாற்றினீங்களா என்று கேட்டேன். மாற்றியிருக்கிறார். கம்பெனி அளவு 215/60 ஆர் 17, அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், நடுவில் 17 அங்குல ரிம். இவர் வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று கரடுமுரடான பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) வைத்த 225/65 ஆர் 17 போட்டிருக்கிறார்.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய டயரின் விட்டம் சுமார் 690 மில்லிமீட்டர், புதியது சுமார் 724. வித்தியாசம் 5 சதவீதம். வண்டியின் மீட்டருக்குத் தெரிவது சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். பெரிய சக்கரம் குறைவான சுற்றில் அதே தூரம் போய்விடும். அதாவது மீட்டர் 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது அண்ணன் உண்மையில் 105 போயிருப்பார். மீட்டர் காட்டும் 21 உண்மையில் 22. ஸ்பீடோமீட்டரையும் அதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும், அண்ணா என்று சொல்லிவைத்தேன்.

மிச்சம் இரண்டு கிலோமீட்டர் நிஜமான இழப்பு. அகலம் கூடியிருக்கிறது, எடை கூடியிருக்கிறது, பட்டன் தடித்திருக்கிறது. தடித்த பட்டன் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்க அதிக ரப்பர். கம்பெனியிலிருந்து வரும் டயர் பெரும்பாலும் மைலேஜை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தது. வெளியே வாங்கும்போது நாம் தோற்றத்தையும் விலையையும் பார்த்து வாங்குகிறோம். அதே அளவில், அதே ரகத்தில் புது டயர் போட்டாலும் முதலில் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். தேய்ந்த டயரில் ரப்பர் குறைவு, அதனால் அது இலகுவாக உருளும். புதுசு ஓடி ஓடித்தான் அந்த நிலைக்கு வரும். பேட்டரி மேல் பழி போடும் முன் இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

அப்புறம் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் இருப்பதுதான் அளவு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம், அதை அடிக்கக் கூடாது. ஸ்டிக்கர் அளவு ஆறிய டயருக்கானது. பெட்ரோல் பங்கில் நடப்பது என்ன? நாம் ஓடிச் சூடான டயரோடு போய் நிற்கிறோம். தக்கலைப் பக்கம் நான் வழக்கமாக நிறுத்தும் பங்கில் காற்றுப் பிடிக்கும் பையன் நல்லவன், கவனமாகப் பார்ப்பான். "டீச்சர், மூணு பாயின்ட் கூடுதலாக்கும், குறைக்கட்டா?" என்று கேட்பான். "வேண்டாம் மக்ளே, ஆறினா சரியாயிரும்" என்பேன். அந்த மூன்றை அங்கே இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் மூன்று குறைந்து நிற்கும். வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் ஒரு பிஎஸ்ஐ, அதாவது அந்தப் பையன் சொல்லும் ஒரு பாயின்ட் காற்றழுத்தம், ஏறும் என்பது பொதுக் கணக்கு. அதனால் சின்ன கேஜ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், காலையில் வண்டியை எடுக்கும் முன் போர்ட்டிகோவிலேயே பார்த்துவிடுவேன்.

இதில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை சொல்லும் கணக்கு இது: நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும். ஐந்து குறைந்தால் ஒரு சதவீதம். பெரிசில்லைதான். ஆனால் காசு செலவில்லாதது, டயரின் ஓரம் தேயாமலும் காக்கும்.

அதே துறை ஓட்டும் முறைக்குச் சொல்லும் எண் வேறு ரகம். வேகமாக எடுத்து, வேகமாகப் பிரேக் போட்டு ஓட்டினால் ஹைவேயில் 15 முதல் 30 சதவீதம் வரை, நின்று நின்று போகும் நெரிசலில் 10 முதல் 40 சதவீதம் வரை குறையும். காலுக்குத்தான் முதலிடம் என்று நான் சொல்வது இதனால்.

ஹைபிரிட்டில் பிரேக்கைப் பிடிக்க ஒரு முறை உண்டு. மோட்டார் ஒரு நொடியில் ஒரு அளவு சக்தியைத்தான் வாங்க முடியும். சடாரென்று மிதித்தால் மிச்சத்தைப் பிரேக் பேட் எடுத்துக்கொண்டு சூடாக்கிவிடும். பார்வதிபுரத்தில் முன்னால் நெரிசல் தெரிகிறதா, அங்கிருந்தே காலை எடுத்துவிட்டு, பிரேக்கை லேசாகத் தொட்டு நீளமாகப் பிடிக்க வேண்டும். அதைவிட நல்லது பிரேக்கே தேவைப்படாமல் உருண்டு போவது. மீட்டதில் கழிவு உண்டு, செலவே செய்யாததில் கழிவு இல்லை.

இன்னொன்று, எஞ்சின் நின்று மோட்டாரில் மட்டும் ஓடுவதைக் காட்டும் ஈவி விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று சிலர் ஆமை வேகத்தில் எடுத்து, பின்னால் வருகிறவர்களின் ஹாரனை வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் கரன்டில் பெரும்பங்கு பெட்ரோலிலிருந்து வந்ததுதான். எஞ்சின் ஓடி, கரன்டாகி, பேட்டரிக்குப் போய், மறுபடி மோட்டாருக்கு வருவதற்குள் கழிவு நிறைய. நிதானமாக, ஆனால் தயங்காமல் வேகம் எடுத்து, பிறகு காலைத் தளர்த்தி உருள விடுவதுதான் எனக்கு நல்ல பலன் தருகிறது.

பேட்டரி என்று எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்களே, அது 0.76 யூனிட் மட்டுமே. ஆட்களோடு ஒன்றரை டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கும் சக்தியே சுமார் 0.4 யூனிட். பேட்டரியும் தன் அளவின் நடுப்பகுதியை மட்டும்தான் பயன்படுத்தும். அதனால் மூணாறு, கொடைக்கானல் போய் இறங்கும்போது சீக்கிரமே நிறைந்துவிடும். அந்த நேரத்துக்கு கியரில் 'B' (எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கும் நிலை, பார்க்கிங் 'P' அல்ல) இருக்கிறது, அதைப் போட்டு இறங்குங்கள்.

வேகத்துக்கு எங்கள் ஊரிலேயே பாடம் இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியே அடிக்கும் காற்றைச் சொல்ல வேண்டியதில்லை, முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். திருநெல்வேலி போகும்போது அது முதுகைத் தள்ளும், மீட்டர் அழகாக ஏறும். திரும்பி வரும்போது எதிரே நிற்கும். நாம் 80-ல் வருகிறோம், எதிர்க்காற்று 30 என்றால் காருக்கு அது 110 கிலோமீட்டர் காற்று. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகிவிடும். அந்தப் பருவத்தில் காவல்கிணறு தாண்டியதும் வேகத்தை 65, 70-க்கு இறக்கிவிடுவேன். வீடு சேரும் நேரத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

மைலேஜ் மைலேஜ் என்று சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட மாட்டேன். இரண்டு பருவ மழையும் பெய்யும் மாவட்டம் இது. நனைந்த இலையும் சேறும் கிடக்கும் மலையோர வளைவுகளில் பிடிப்பில்லாத டயர் இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடித்துத் தந்து என்ன பயன்? உருளும் எதிர்ப்பு, ஈரத்தில் பிடிப்பு, சத்தம் மூன்றுக்கும் அளவு வைத்து மத்திய அரசு 2022-ல் விதி கொண்டுவந்திருக்கிறது, ஏஐஎஸ் 142 என்பது அதன் பெயர். பிரிட்ஜில் ஒட்டும் ஸ்டார் லேபிள் டயருக்கும் உண்டு. கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள். கம்பெனி அளவை மாற்றாதீர்கள். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேயும்வரை ஓட்டுவது சட்டப்படியும் தப்பு. எங்கள் மழைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றிவிடுவது நல்லது. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பாருங்கள், இழுத்துக்கொண்டு ஓடும் டயர் பெட்ரோலையும் தின்னும், தானும் தேயும்.

நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடுமா என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்கிறார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சுத்த நைட்ரஜன் கொஞ்சம் மெதுவாகக் கசியும், அவ்வளவே. காலையில் கேஜ் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்தச் செலவு தேவையில்லை.