சம்பளச் சீட்டும் சங்கீதமும்

“பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.” வேலையிடத்தில் அடிபட்டோ அவமானப்பட்டோ சிங்கப்பூரின் தமிழ்ச் சபைகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். சொல்கிறவர் அன்போடுதான் சொல்கிறார். ஆனால் அந்த ஆறுதலுக்குப் பின்னால் நாள்காட்டி ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிவதில்லை. அநியாயமாக வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். வேலையை விட்டவர் சம்பளப் பாக்கி கேட்க 6 மாதம் இருக்கிறது. வேலையில் தொடர்ந்துகொண்டே கேட்பவருக்கு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஓராண்டு. இந்தக் கெடுக்களை நழுவவிட்டபின் பொறுமையைப் பற்றிப் பேசுவது கொடுமை.

பொறுமை என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டும் வசனம் 1 பேதுரு இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அது யாருக்கு எழுதப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். ரோமப் பேரரசின் வீட்டு அடிமைகளுக்கு. எஜமான் அடித்தால் போய்ச் சொல்ல அவர்களுக்கு மன்றம் கிடையாது. வாயைத் திறந்தால் இன்னொரு அடி. அவர்களிடம் பேதுரு கிறிஸ்துவைக் காட்டுகிறார்: “அவர் வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும், நியாயமாய்த் தீர்ப்புச்செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார்.” பதிலுக்கு வையவேண்டாம், மிரட்டவேண்டாம், வழக்கை நியாயாதிபதியிடம் கொடு. வசனம் கேட்பது இந்த மூன்றைத்தான். உண்மையைச் சொல்லாதே என்று அதில் எங்கும் இல்லை. அதே கிறிஸ்து பிரதான ஆசாரியனின் வீட்டில் கன்னத்தில் அறை வாங்கியபோது, தகாததைப் பேசியிருந்தால் அதை எடுத்துக்காட்டு, தகுதியாய்ப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று நேருக்கு நேர் கேட்டார் (யோவான் 18:23). பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடினார்கள். பொழுது விடிந்து, “போகலாம்” என்று அதிகாரிகள் சொல்லியனுப்பியபோது பவுல் அசையவில்லை. விசாரணையில்லாமல் ரோமர்களை அடித்தவர்கள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றார். ராத்திரி பாட்டும் காலையில் முறையீடும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை. பொறுமையை இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

துயரத்தோடு வந்தவரிடம் அன்றைக்கே வேதபாடம் எடுக்கக்கூடாது. “போதும் கர்த்தாவே” என்று சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்ட எலியாவுக்குத் தேவதூதன் கொண்டுவந்தது தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். எலியா சாப்பிட்டுத் தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் பேச்சு நடந்தது நாற்பது நாள் கழித்து. ஆகவே முதல் நாள் செய்ய வேண்டியவை சின்னவைதான். சாப்பிட்டாரா, ராத்திரி எங்கே படுக்கிறார் என்று கேளுங்கள். ஆத்திரத்தில் எழுதி வைத்திருக்கும் வாட்ஸ்அப் பதிலை அனுப்பவேண்டாம் என்று சொல்லுங்கள். நாளை அவருக்கே எதிராகக் காட்டப்படும் காகிதம் அதுவாக இருக்கலாம். உயிரை முடித்துக்கொள்ளும் பேச்சு வந்தால், தனியாக விடாமல் கூடவே இருந்து 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பை அழையுங்கள். அந்த நேரத்தில் “இப்படிப் பேசுவது பாவம்” என்று சொல்வது அவர் வாயை மட்டும்தான் அடைக்கும்.

இரண்டாவது நாள் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வேலைத்தளம், அன்றைய சூப்பர்வைசர் பெயர், யார் என்ன சொன்னார்கள். சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். “கேவலமாகப் பேசினார்” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. திட்டிய வாக்கியத்தை அப்படியே, அது தமிழோ மலாயோ ஆங்கிலமோ, எழுதினால் புரியும். நினைவிலிருந்து மூன்று மாதத்தை ஒரே ராத்திரியில் ஒரே பேனாவில் எழுதிய நோட்டைக் கண்டதும் எதிர்த்தரப்பு சந்தேகம் கிளப்பும். அன்றன்றைக்கு எழுதிய நோட்டில் மை மாறும், எழுத்துச் சாயும், சில பக்கங்களில் சிமெண்ட் கறைகூட இருக்கும். நம்பும்படியாக இருப்பது அந்த நோட்டுதான். சம்பளச் சீட்டு, டைம் கார்டு, வேலை அனுமதிக்கு முன் வந்த ஒப்புதல் கடிதம், வங்கிக் கணக்கில் பணம் ஏறிய பக்கம் எல்லாவற்றையும் படமெடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். கைப்பேசி தொலையும், மூட்டையோடு விடுதியை விட்டு வெளியேற வேண்டியும் வரும்.

அந்த ஒப்புதல் கடிதம் ஊழியரின் தாய்மொழியிலும் கொடுக்கப்பட வேண்டியது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். பலர் அதைப் பிரித்தே பார்த்திருப்பதில்லை. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் கூடுதல் நேர வேலைக்கான ஓ.டி. பணமும் வந்தாக வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். வெற்றுத் தாளிலும் தொகை எழுதாத ரசீதிலும் கையெழுத்துப் போடக்கூடாது. “கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்துவிடு, அதுதான் கிறிஸ்தவ மன்னிப்பு” என்று ஆலோசனை சொல்கிறவர்களை நாங்கள் எப்போதும் தடுப்போம். தனக்குச் சேரவேண்டியது எவ்வளவு என்றே தெரியாதவர் எதை மன்னிக்கிறார்?

முறையீடு முதலில் டிஏடிஎம் எனப்படும் முத்தரப்புச் சமரச அமைப்புக்குப் போகும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தை வைத்து இணையத்தில் மனுக் கொடுக்கலாம். முடியாதவருக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம் உதவும். சமரசம் கூடாவிட்டால் சான்றிதழ் தருவார்கள். அது கையில் கிடைத்த 4 வாரத்துக்குள் வேலை உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் வழக்கைப் பதிய வேண்டும். 2017 ஏப்ரலில் தொடங்கிய அந்தத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர்கள் வாதாட முடியாது, ஊழியரே பேச வேண்டும். கோரக்கூடிய உச்சத் தொகை 20,000 சிங்கப்பூர் வெள்ளி, தொழிற்சங்கத்தின் துணையோடு போனால் 30,000. இல்லப் பணிப்பெண்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் மனிதவள அமைச்சையோ இல்லப் பணியாளர் நிலையத்தையோ அணுக வேண்டும். மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்பது 2023 ஜனவரி முதல் விதி. ஆராதனைக்கு வரமுடியவில்லை என்று அழும் சகோதரிகளுக்கு ஜெபத்தோடு இந்தத் தகவலையும் கொடுக்க வேண்டும்.

சமரச மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்லும்போதுதான் பேதுருவின் வசனம் உண்மையில் தேவைப்படுகிறது. குரலை உயர்த்தாமல், “அது நடக்கவில்லை, இதோ அன்றைய தேதி” என்று நோட்டைத் திறந்து காட்டுவதற்கு வேண்டிய மனவலிமை சும்மா வராது. முன்தினம் ஒரு நண்பரை முதலாளியாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறவர் பெரும்பாலும் நிதானம் இழப்பதில்லை.

கேட்க யாருக்கும் பிடிக்காத கேள்வி ஒன்றும் உண்டு. குற்றம் செய்து அடிபட்டு அதைச் சகித்தால் என்ன கீர்த்தி என்று பேதுருவே கேட்கிறார். அடிக்கடி தாமதமாக வந்ததற்காகக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதத்தைச் சிலுவை என்று சுமக்கக்கூடாது. “உங்கள் பக்கத்தில் தவறு ஏதாவது உண்டா?” என்று, குற்றஞ்சாட்டாத குரலில், இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் கேட்பது நல்லது. முதல் சந்திப்பில் கேட்டால் அவர் திரும்பி வரமாட்டார்.

இனி ஜெபம். புகார் சொல்வது விசுவாசக் குறைவு என்று நம்மில் பலரும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். சங்கீதப் புத்தகம் அப்படி வளர்க்கவில்லை. 13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். முதல் இரண்டும் முறையீடு: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டும் நம்பிக்கை. இதைச் சத்தமாக வாசித்து, முதல் இரண்டு வசனத்தோடு நிறுத்தி, அவரவர் முறையீட்டைச் சொந்த வார்த்தையில் சொல்லவிட வேண்டும். நம்பிக்கை வசனத்துக்கு அன்றைக்கே வந்துசேர வேண்டுமென்று கட்டாயமில்லை. இரண்டாம் வசனத்திலேயே ஒரு வாரம் நிற்கட்டும். இங்கே கெடுவது எப்போதும் கூட இருப்பவர்களால்தான். மௌனத்தைத் தாங்கமாட்டாமல் யாராவது “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று ரோமர் 8:28ஐ நீட்டிவிடுவார்கள். அந்த வசனம் உண்மைதான். ஆனால் அது அடிபட்டவர் தானாகச் சொல்லவேண்டியது, பிறர் அவர்மேல் வைக்கக்கூடாது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள்.

வழக்கு நடக்கும் மாதங்கள் நீளமானவை. வழக்கு முடியும்வரை நாட்டில் தங்கத் தரப்படும் சிறப்பு அனுமதிச் சீட்டில் காத்திருப்பவர் பலருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரிலோ வட்டி ஏறும். இந்த நாட்களில்தான் அனுமதியில்லாத கூலி வேலையும் வட்டிக்காரர்களும் தேடி வருவார்கள். ஒரு நாள் கூலிக்காகப் போய் மாட்டினால் வழக்கே பாழ். யாக்கோபு 5ஆம் அதிகாரம் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதில் தொடங்கி, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் விவசாயியிடம் வந்துசேருகிறது. அந்த விவசாயி வெறுமனே உட்கார்ந்திருப்பதில்லை. காத்திருப்பவரின் நாளுக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும்: எழும் நேரம், ஒரு சங்கீதம், நூலகத்தில் ஒரு ஆங்கிலப் பாடம், வீட்டுக்கு அழைக்க நிலையான ஒரு நேரம். வீட்டாரிடம் “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்லிக்கொண்டே போனால், ஒருநாள் அது உடையும்போது நம்பிக்கையும் சேர்ந்து உடையும். அடுத்த மனு எந்தத் தேதியில் என்பதை மட்டும் சொன்னால்கூடப் போதும்.

சட்டம் எட்டாத ஒதுக்குதலும் உண்டு. அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் எழுந்து போகும்போது ஒருவரை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. கூட்டத்தில் அவர் சொன்ன யோசனை அடுத்தவர் வாயில் வந்தபிறகே பாராட்டப்படும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம் இனம், மதம், மொழித்திறன் முதலியவற்றால் பதவி உயர்விலும் பணிநீக்கத்திலும் பாகுபாடு காட்டுவதைத் தடுப்பதற்கானது. காப்பிக்கு அழைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டளையிடாது. இங்கே பொறுமை என்பது தினசரி வேலை. செய்த வேலையை மின்னஞ்சலில் எழுதி வைப்பது, காலையில் வணக்கம் சொல்வதை நிறுத்தாமலிருப்பது, புதிதாகச் சேர்ந்தவரைத் தானே சாப்பிட அழைப்பது. கசப்பை ஜெபக்குழுவில் வாராவாரம் கொட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. ஜெபக் குறிப்பு என்ற பெயரில் மேலாளரின் பெயர் சபை முழுக்கச் சுற்றிவரும். ஒருவரிடமோ இருவரிடமோ சொன்னால் போதும்.

விசுவாசத்துக்காகச் சொந்த வீட்டார் பேச்சை நிறுத்திவிடுவது இன்னும் கனமானது. இயேசுவின் சகோதரர்களும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது. உயிர்த்தெழுதலுக்குப் பின்தான் அவர்களில் ஒருவரான யாக்கோபு மாறினார். இந்த நிலையில் உள்ளவருக்கு நாங்கள் சொல்வது: வீட்டுக்கு அனுப்பும் பணத்தைக் குறைக்காதீர்கள், தங்கை கல்யாணத்துக்குப் போங்கள், அம்மா எடுக்காவிட்டாலும் அதே நேரத்தில் அழையுங்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வசனம் அனுப்பாதீர்கள்.

தீங்கு செய்தவருக்காக ஜெபிப்பது கடைசியில் வரட்டும். அவர் பெயரைச் சொல்லி ஒரே வரி போதும். உள்ளத்தில் இளக்கம் வரவில்லையே என்று கவலைப்படவேண்டாம், மத்தேயு 5:44 கேட்பது ஜெபத்தை.

வழக்கில் தோற்றுத் திரும்பிப்போகிறவர்களும் உண்டு. அவர்களை வெற்றிச் சாட்சிகள் நிறைந்த கூட்டத்தில் உட்காரவைக்காதீர்கள். நல்ல முடிவு இல்லாமல் நின்றுபோகும் 88ஆம் சங்கீதத்தை அவரோடு வாசியுங்கள். பயணச்சீட்டு, வரவேண்டிய கடைசிப் பாக்கி, மருத்துவ அறிக்கைகளின் நகல், கடவுச்சீட்டு எல்லாம் அவர் கையிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊரில் அவருக்குப் பக்கத்துச் சபையின் பெயரைக் கொடுங்கள். போய்ச்சேர்ந்த முதல் வாரம் வீடு நிறைய உறவினர் இருப்பார்கள். கடன்காரர்கள் வாசலுக்கு வருவது இரண்டாவது வாரத்தில். அந்த வாரம் தவறாமல் அவரை அழையுங்கள்.