மீடியால டிரிப்சின் எதுக்கு போடறோம்?

லேப்ல இன்ஃப்ளூயன்சா வைரஸ வளக்கறதுக்கு நாங்க பெரும்பாலும் எம்டிசிகே செல்ஸ் தான் யூஸ் பண்ணுவோம், நாயோட கிட்னில இருந்து வந்த செல் லைன். செல்ஸ் பிளாஸ்க் அடி முழுக்க ஒட்டி வளந்ததும் சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்ச திரவம்) இருக்கற பழைய மீடியாவ, அதாவது செல்ஸ் வளர்ற சத்து திரவத்த எடுத்துட்டு, பிபிஎஸ்ங்கற உப்புக் கரைசல் விட்டு நல்லா கழுவிட்டு தான் வைரஸ விடணும், புது மீடியால கொஞ்சம் டிரிப்சினும் சேக்கணும். புதுசா வர்றவங்க எல்லாருமே கேப்பாங்க, டிரிப்சின் ஒட்டியிருக்கற செல்ஸ பேத்து எடுக்கற என்சைம் ஆச்சே, அத போய் ஏன் போடறீங்கன்னு. நானும் கேட்டேன், எங்க சீனியர் மேடம் பேப்பர எடுத்து வரைஞ்சே காட்டினாங்க.

ஃப்ளூ வைரஸோட உறை மேல முள்ளு முள்ளா நிக்கற ஹெமாக்ளூட்டினின் புரோட்டீன் முதல்ல ஒரே துண்டா தான் உருவாகும். அந்த நெலமைல அதால செல் மேல இருக்கற சியாலிக் ஆசிட்ங்கற சர்க்கரைல ஒட்டிக்க முடியும், ஆனா அதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு என்சைம் வந்து குறிப்பிட்ட ஒரு எடத்துல அத வெட்டணும். நம்ம மூச்சுக்குழாய்ல அந்த மாதிரி என்சைம் இருக்கு, பிளாஸ்க்ல இல்ல, அதுக்கு பதிலா தான் டிரிப்சின், சீரம் டிரிப்சின தடுத்துடும்ங்கறதால தான் அந்த கழுவல் எல்லாம். வெட்டுப்பட்டதுக்கு அப்புறம் அது கம்பிய இழுத்து மாட்டி வச்ச எலிப்பொறி. செல்லே வைரஸ ஒரு பைல சுருட்டி உள்ள இழுத்துக்கும், அந்த எண்டோசோம் உள்ள போகப்போக அமிலம் ஏறும், பிஎச் 5 பக்கம் எறங்கினதும் பொறி விழுந்துடும், புரோட்டீன் வடிவமே மாறி வைரஸோட உறையும் பையோட சவ்வும் ஒண்ணா சேந்து, 8 ஆர்என்ஏ துண்டும் செல்லுக்குள்ள வந்து அங்கேர்ந்து நியூக்ளியஸுக்கு போயிடும்.

இத கேட்டதுல இருந்து எந்த வைரஸ பத்தி படிச்சாலும் எனக்கு ஒரே கேள்வி தான், இது எங்க வந்து கழண்டுக்கும்? வெளிய இருக்கற வரைக்கும் ஜீனுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கணும், உள்ள போன உடனே அதே கூடு பிரிஞ்சு விட்டுக்கொடுக்கணும், இந்த ரெண்டு வேலையும் ஒரே அமைப்பு செய்யணும். போலியோவ எடுத்துக்கோங்க, அதுக்கு கொழுப்பு உறையே கிடையாது, 30 நானோமீட்டர் கூடு, 4 வகை புரோட்டீன், ஒவ்வொண்ணுலயும் 60, உள்ள சுமார் 7,500 எழுத்து ஆர்என்ஏ, அவ்ளோ தான். வயித்து வழியா போற வைரஸ் அது, ஃப்ளூ மாதிரி அமிலத்த பாத்து தெறந்துக்கிட்டா குடலுக்கே போய் சேராது. அதனால அது அமிலத்த கண்டுக்கறதே இல்ல, செல் மேல இருக்கற சிடி155ங்கற ரிசெப்டர் புரோட்டீன்ல ஒட்டினா தான் கூடு இளகி ஆர்என்ஏ வெளிய வரும். எந்த வழியா போகணுமோ அதுக்கு ஏத்த மாதிரி தெறக்கற சிக்னல். இத எப்ப நெனச்சாலும் எனக்கு ஆச்சரியம் தீரல. பெஞ்ச் தொடைக்கறப்ப கூட இதே கணக்கு தான், உறை இருக்கற ஃப்ளூவுக்கு 70% ஆல்கஹால் போதும், உறை இல்லாத போலியோ வகைக்கு அது பத்தாது, ப்ளீச் வேணும்.

வைரஸ் விட்ட அன்னிக்கு மைக்ரோஸ்கோப்ல பாத்தா செல்ஸ் நல்லா தான் தெரியும். போன வைரஸ தேடி முதல் சில மணி நேரத்துல செல்ஸ ஒடைச்சு பாத்தாலும் தொற்றக்கூடிய வைரஸ் கிட்டத்தட்ட கெடைக்காது, ஏன்னா முழுசா ஒண்ணும் அங்க இல்ல, எல்லாம் பிரிஞ்சு கெடக்கு, செல்லோட ரைபோசோம் வைரஸ் புரோட்டீன செஞ்சிட்டு இருக்கு. அப்புறம் ஒரேயடியா எண்ணிக்கை ஏறும். ரெண்டாவது நாள் செல்ஸ் உருண்டு, அடிய விட்டு கழண்டு, மீடியால மெதக்க ஆரம்பிக்கும்.

எவ்ளோ வைரஸ் இருக்குன்னு எண்ண ப்ளாக் அஸே தான், 1952ல டல்பெக்கோங்கற விஞ்ஞானி விலங்கு வைரஸுக்கு கொண்டு வந்த முறை, இன்னிக்கும் அத தான் பண்றோம். செல்ஸ் மேல ஜெல்லி மாதிரி உறையற அகார் ஊத்திட்டா வைரஸ் தூரமா பரவ முடியாம பக்கத்து செல்ஸ மட்டும் பிடிக்கும். ஃபிக்ஸ் பண்ணி கிரிஸ்டல் வயலட்ங்கற சாயம் ஊத்தி கழுவினா செல்ஸ் செத்த எடம் ஊதா தரைல வெள்ளை வட்டமா ஓட்டையா தெரியும், அது தான் ப்ளாக், ஒரு வட்டம் ஒரு வைரஸ்ல இருந்து ஆரம்பிச்சது. ஆனா அதே சாம்பிள எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல எண்ணினா நம்பர் பல மடங்கு ஜாஸ்தி வரும், போலியோல 30ல இருந்து 1,000 துகளுக்கு ஒண்ணு தான் ப்ளாக் போடும். மிச்சதுல நெறைய எங்கயோ ஒரு படில நின்னு போயிடுது, சிலது நேரம் தவறி தெறக்குது, சிலது தெறக்கறதே இல்ல.

இப்ப நான் பண்றது ஆன்டிபாடி டெஸ்ட், அங்கயும் இதே விஷயம் தான் வந்து நிக்குது. ஹெமாக்ளூட்டினினோட தலைய பிடிக்கற ஆன்டிபாடி வைரஸ செல்ல ஒட்டவே விடாது. தண்டு பகுதிய பிடிக்கற ஆன்டிபாடி வேற ரகம், வைரஸ் ஒட்டும், எண்டோசோமுக்குள்ளயும் போகும், அமிலமும் ஏறும், ஆனா வடிவம் மாற முடியாம புரோட்டீன் அப்படியே மாட்டிக்கும். தலை பகுதி அடிக்கடி மாறிக்கிட்டே இருக்கும், தண்டு அந்த அளவுக்கு மாறறதில்ல, அதனால ஒரு தண்டு ஆன்டிபாடி பல வகை ஃப்ளூவையும் தடுக்க வாய்ப்பு இருக்கு, எங்க டெஸ்ட் பிளேட்ல இருக்கற சின்ன குழிகள்ல பாதி இப்ப அதுக்கு தான் போகுது.